பழைய ஜப்பானிய விவசாயம்: கேள்வி பதில்

வயல்நண்டு: மனித மலத்தைக் காசு கொடுத்து வாங்கி உரமாகப் போட்டார்களாமே, நிஜமா சார்?

நிஜம்தான். 18ஆம் நூற்றாண்டில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், சுமார் பத்து லட்சம் பேர் வாழ்ந்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காய்கறி உள்ளே வரும், மலம் படகிலும் குதிரையிலும் வெளியே போகும். வரிசை வீடுகளின் பொதுக் கழிப்பறையில் சேர்வது வீட்டுக்காரருக்குச் சொந்தம். குடியிருப்பவர் அதில் கை வைக்க முடியாது. ஒசாகாவில் சிறுநீர் மட்டும் குடியிருப்பவர் பங்கு! விவசாயி காசும் கொடுப்பார், முள்ளங்கி கத்தரிக்காயும் கொடுப்பார். வளமாகச் சாப்பிடும் பிரபு வீட்டுச் சரக்குக்கு விலை அதிகம், ஏழைகள் குடியிருப்புக்குக் குறைவு. விலை ஏறிக்கொண்டே போனதால், 1790 வாக்கில் எடோவைச் சுற்றிய ஆயிரத்துச் சொச்சம் கிராமங்கள் சேர்ந்து, குறைக்கச் சொல்லி மனுக் கொடுத்தன.

மாடித்தோட்டம்: வீட்டிலும் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். அவர்களே தொட்டியில் நன்றாகப் புளிக்கவிட்டுத்தான் போட்டார்கள், அப்படியும் குடற்புழு ஒழியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படை இதற்குப் பயந்தே டோக்கியோ அருகே சோஃபுவில் மண்ணில்லாமல் காய்கறி வளர்த்தது.

இயற்கைநேசன்: ஃபுகுவோகாவின் உழாத விவசாயம்தானே அவர்களின் பாரம்பரியம்?

இல்லை. மசனோபு ஃபுகுவோகா 20ஆம் நூற்றாண்டு விவசாயி. ஷிகோகு தீவில், தன் நிலத்தில், தானே உருவாக்கிய முறை அது. பழைய நெல் விவசாயம் என்றால் உழவு, சேறடித்தல், நாற்று நடவு, குனிந்து குனிந்து களையெடுப்பு.

வயல்நண்டு: எப்படியோ, இயற்கையைக் கெடுக்காமல் வாழ்ந்தார்கள் இல்லையா?

இந்தக் கதைக்குத்தான் எனக்குக் கோபம் வரும். வயலுக்குத் தழையும் புல்லும் மலையிலிருந்து அறுத்து வந்தார்கள். விறகு, கட்டுமான மரமும் அங்கிருந்துதான். பல மலைகள் மொட்டையாகி, மண் சரிந்து ஆறுகள் தூர்ந்தன. 1666இல் அரசே புல்வேர், மரவேர் தோண்டக் கூடாது என்று ஆணை போட வேண்டியிருந்தது. ஒசாகா பக்கத்துப் பருத்திக்கு உள்ளூர் எரு போதாமல், எடோவுக்குக் கிழக்கே உள்ள குஜுகூரி கடற்கரையில் காய்ந்த மத்தி மீனை வாங்கிப் போட்டார்கள். அதுவும் விலை ஏறியபோது வடகோடித் தீவான ஹொக்கைடோவின் ஹெர்ரிங் மீன் கப்பலேறி வந்தது.

இயற்கைநேசன்: மீன் உரமும் இயற்கைதானே சார்?

இயற்கைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கடன் வாங்கி உரம் போட்டவனுக்குப் பருத்தி விலை விழுந்தால் என்ன ஆகும்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதியவன்: ஃபுகுவோகா முறையில் நெல் எப்படி விதைப்பது?

அது பழைய முறையே இல்லை என்று மேலே சொன்னேனே, படியுங்கள் தம்பி.

மாடித்தோட்டம்: ஜப்பான் நெல் விதை எங்கே கிடைக்கும்?

எனக்கு வரலாறுதான் தெரியும். விதைக்கு வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள்.