தீபாவளியன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு, பண்டிகை நாளில் குடும்பத்தை விட்டுவிட்டு, தோழிகளுடன் நீண்ட கப்பல் பயணம் போகலாமா? வீட்டில் எப்படிச் சொல்வது?

தாராளமாகப் போகலாம். நான் போயிருக்கிறேன். 2024ஆம் ஆண்டுத் தீபாவளியை அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில், என்னோடு ஒரே தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூன்று தோழிகளுடன் கொண்டாடினேன்.

"பண்டிகை நாளில் குடும்பத்தை விட்டுவிட்டு" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அவை உங்கள் சொற்கள் அல்ல, யாரோ உங்கள் காதில் போட்டவை என்றே எனக்குப் படுகிறது. அநேகமாக டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மாமியாரிடமோ மகனிடமோ இன்னும் சொல்லவில்லை, அப்படித்தானே? என் அண்ணியும் இதையேதான் சொன்னார். "தீபாவளியும் அதுவுமாக விளக்கேற்ற ஆளில்லாமல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறாயே" என்று தொலைபேசியில் ஒரு மூச்சு அழுதார். அவர் நல்லவர், என் மேல் உண்மையான பாசம் உள்ளவர். ஆனாலும் அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. ஏன் சுட்டது என்று சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத முடியாது.

நாங்கள் வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் கால் பிரிவில் இருந்தவர்கள். தொலைபேசி நிலையத்துக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. தீபாவளிதான் வேலை மிகுந்த நாள். பம்பாயிலும் டெல்லியிலும் வேலைக்குப் போன பிள்ளைகள் விடியற்காலையில் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று கால் புக் செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். சாதாரணக் கால்; சீக்கிரம் இணைப்பு வேண்டுமென்றால் அதன் இரண்டு மடங்குக் கட்டணத்தில் அர்ஜென்ட் கால், இன்னும் சீக்கிரம் என்றால் எட்டு மடங்கில் லைட்னிங் கால். மூன்று நிமிடம் முடிந்ததும் பேச்சின் நடுவே புகுந்து "நீட்டிக்கவா?" என்று கேட்கிற அந்தக் குரல் எங்களுடையது. "கங்கா ஸ்நானம் ஆயிற்றா?" என்ற கேள்வி ஊர் ஊராகப் போய்ச் சேர நாங்கள் கம்பியைச் செருகிக் கொடுத்துக்கொண்டிருப்போம். இரவு டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் மிச்ச முறுக்கைப் பிழியும் வேலை காத்திருக்கும். வீட்டில் இருந்த யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை; அன்றைய வழக்கம் அப்படி. பண்டிகையன்று பெண் வீட்டில் இருந்தே தீர வேண்டும் என்ற விதி என் சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

எங்களில் மூத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தீபாவளிதோறும் அவர் டியூட்டியை ஏற்றுக்கொள்வார். அதற்கு ஈடாகக் கிறிஸ்துமஸ் இரவில் எங்களில் ஒருவர் உட்காருவோம். இப்படி மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்ததால் நாங்கள் நால்வரும் ஒரு பண்டிகையைக்கூட ஒரே இடத்தில் சேர்ந்து கொண்டாடியதே இல்லை. யாராவது ஒருத்தி ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். ஓய்வுபெற்ற பிறகு ஒரு தீபாவளியை நால்வருமாகக் கொண்டாடுவது என்று எப்போதோ பேசி வைத்துவிட்டோம்.

அதற்குக் கப்பல் எதற்கு, யாராவது ஒருவர் வீட்டில் கூடலாமே என்று கேட்பீர்கள். யார் வீட்டில் கூடினாலும் அந்த வீட்டுக்காரி அடுப்படியில்தான் நிற்பாள். அதை நாங்கள் விரும்பவில்லை.

கோடைக்காலத்தை மத்தியதரைக் கடலில் கழிக்கும் சுற்றுலாக் கப்பல்கள் குளிர்காலத்துக்குக் கரீபியன் பக்கம் போய்விடும். அதற்காக அக்டோபர், நவம்பரில் அட்லாண்டிக்கைக் கடக்கின்றன. கப்பலை எப்படியும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும், வழியில் ஊர்களும் குறைவு. அதனால் கட்டணம் மற்றப் பயணங்களைவிட நன்றாகக் குறையும். தீபாவளியும் அதே மாதங்களில் வருகிறது. பார்சிலோனாவில் ஏறினோம், ஃபுளோரிடாவில் இறங்கினோம். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அருகில் உள்ள கேனரித் தீவுகளைத் தாண்டினால் ஒரு வார அளவுக்குக் கரையே கிடையாது. 1492இல் கொலம்பஸ் பழகிய உலகத்தின் கடைசிக் கரையை விட்டுக் கிளம்பியதும் அந்தத் தீவுகளிலிருந்துதான். வடகிழக்குக் காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளுகிற வழி அது. மேற்கே போவதில் இன்னொரு வசதி, சில நாட்களுக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். அன்று ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். கிழக்கே வரும் பயணத்தில் இது தலைகீழாகும். உங்கள் வயது தெரியவில்லை. எங்கள் வயதென்றால் மேற்கே போகும் பயணத்தையே எடுங்கள்.

இந்தக் கடிகார விஷயம்தான் தீபாவளியன்று பெரிய விவாதமானது. அப்போது கப்பல் நேரம் இந்தியாவைவிட ஏழரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. சென்னையில் 31ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளும்போது எங்களுக்கு 30ஆம் தேதி இரவு எட்டரை மணி. எந்த விடியலில் குளிப்பது? எங்களில் ஒருத்தி பஞ்சாங்கத்தில் கெட்டிக்காரி. சூரிய உதயம் நாம் இருக்கும் இடத்துக்கு உரியது, சென்னைக்கு உரியது அல்ல என்று அடித்துச் சொன்னாள். தீபாவளிக் குளியலுக்குரிய நரக சதுர்த்தசித் திதி 31ஆம் தேதி இந்திய நேரப்படி பிற்பகல் வரை இருந்ததால், கப்பலில் பொழுது விடியும் முன் குளித்தாலும் திதி தப்பாது என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்திய நேரத்துக்கு அலாரம் வைத்துப் பண்டிகை கொண்டாடுபவர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று தெரியும். அவரவர் வழக்கம் அவரவருக்கு. எனக்கு அவள் சொன்னதே சரி.

மூத்தவர் கையால் எண்ணெய் வைத்துக்கொள்வது முறை. மூத்தவர் அக்காதான். எங்கள் மூவருக்கும் உச்சியில் நல்லெண்ணெய் வைத்து, தமக்கும் வைத்துக்கொண்டார். அவருடைய மரபில் இதற்கு இடமுண்டா என்று கேட்கும் தூய்மைவாதிகளுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எங்கள் தீபாவளிகளைத் தம் தோளில் சுமந்தவர் அவர். கப்பல் குளியலறை மிகச் சிறியது, எண்ணெய் சிந்தினால் வழுக்கும். உச்சிக்கு மட்டும் கொஞ்சம் வையுங்கள், ரப்பர் விரிப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். குழாயில் வந்த வெந்நீர் கடல் நீரிலிருந்து கப்பலே உப்பு நீக்கி எடுத்தது என்று அறிந்தபோது, அதைவிடப் பெரிய தீர்த்தம் எது என்று தோன்றியது.

பட்டாசு இல்லாத தீபாவளியா என்பீர்கள். பட்டாசு மட்டுமல்ல, மெழுகுவத்தி, ஊதுவத்தி, சூடம், அகல் விளக்கு எதற்கும் அனுமதி இல்லை. இதில் கப்பல்காரர்களைக் கோபிக்கக் கூடாது. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு இடமில்லை. 1934இல் ஹவானாவிலிருந்து நியூயார்க் திரும்பிக்கொண்டிருந்த மோரோ காசில் என்ற பயணக் கப்பல் கரைக்கு அருகிலேயே எரிந்து 137 பேர் இறந்தார்கள். நாங்கள் பேட்டரி விளக்குகளைக் கொண்டுபோயிருந்தோம். தீபம் என்றால் சுடர் வேண்டும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சின்ன வெளிச்சத்தின் முன் நாங்கள் கைகூப்பி நின்றது குறைந்த பக்தி என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் செய்த பலகாரங்களையும் பொதுவாக ஏற்றவிடமாட்டார்கள். கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பொட்டலங்கள் என்றால் போகும். முறுக்கும் அதிரசமும் அப்படித்தான் வந்தன. மயிலாப்பூர் டப்பா செட்டி கடையில் தீபாவளி லேகியம் வாங்கிக்கொண்டேன். சுக்கு, ஓமம், திப்பிலி எல்லாம் சேர்ந்த அந்த லேகியம் பலகாரத்துக்கு மட்டுமல்ல, கப்பல் ஆட்டத்தில் வயிறு புரளும்போதும் எங்களுக்குக் கைகொடுத்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 31 என்பதால் அமெரிக்கர்களின் ஹாலோவீனும் அதே நாளில் வந்தது. கப்பல் முழுக்கப் பரங்கிக்காய் பொம்மைகள், எலும்புக்கூட்டுத் தோரணங்கள். நாங்கள் காஞ்சிப் பட்டு உடுத்திக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்குப் போனபோது ஒரு வயதான அமெரிக்க அம்மாள், என்ன வேடம் இது, அழகாக இருக்கிறதே என்று கேட்டார். வேடம் இல்லை, இன்று எங்கள் பண்டிகை என்று அக்கா விளக்கினார். நரகாசுரன் கதையை அவர் ஆங்கிலத்தில் சொன்ன அழகை நான் என்றும் மறக்கமாட்டேன். தான் இறந்த நாளை மக்கள் கொண்டாட வேண்டும் என்று அசுரனே வரம் கேட்டான் என்றதும் அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். தளத்தில் கோலம் போட முடியாது. சீட்டாடும் அறையில் கறுப்புச் சார்ட் தாளை விரித்துச் சுண்ணக்கட்டியால் புள்ளிக் கோலம் போட்டோம். மாலைக்குள் அதைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டமே இருந்தது. சிக்குக் கோலத்தின் கோடு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடிப் பார்த்தார்கள். நான்கு பெண்களாகப் போய் என்ன கொண்டாட்டம் என்று கேட்டவர்களுக்கு அந்த அறையைக் காட்ட வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

இனிச் செலவு. இதைப் பற்றி யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள், முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். அந்தப் பணத்தில் எத்தனை ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று என்னிடம் நேரிலேயே கேட்டார்கள். அப்படிக் கேட்டவர் வீட்டுக் கல்யாணத்தில் மேடைப் பூ அலங்காரத்துக்கு மட்டும் லட்சக்கணக்கில் கொட்டினார்கள். மறுநாள் காலை அத்தனையும் குப்பை லாரியில் போனது. வரவேற்பில் இலை இலையாகச் சோறு வீணானது. தெரியாதவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பை, வாசலில் செண்டை மேளம், வானத்தில் டிரோன் கேமரா. அங்கே யாரும் ஏழைப் பிள்ளைகளை நினைக்கவில்லை. கல்யாணத்துக்குக் கடன் வாங்கினால் கௌரவம், ஓய்வூதியக்காரி தன் சேமிப்பில் பயணம் போனால் ஊதாரித்தனம்! இந்த நியாயத்தை எனக்கு யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டேன்.

என் மனத்தை உண்மையில் உறுத்தியது வேறொன்று. கப்பல் சமையலறையில் தூத்துக்குடிப் பையன் ஒருவன் இருந்தான். தமிழ் கேட்டதும் தேடிக்கொண்டு வந்து, "அம்மா, இன்றைக்குத் தீபாவளி அல்லவா?" என்றான். பிற்பகலில் தலைமைச் சமையல்காரரிடம் அனுமதி வாங்கி ரவா கேசரி கிளறிக் கொண்டுவந்தான். எங்களோடு உட்காரச் சொன்னோம். நின்றபடியே ஒரு துண்டு அதிரசம் தின்றான். உடனே போக வேண்டும் என்றான். கப்பல் ஊழியர்கள் ஒப்பந்தக் காலம் முடியும்வரை மாதக்கணக்கில் வாரவிடுமுறை இல்லாமல் உழைக்கிறார்கள். 2013இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்தில் 77 மணி நேர ஓய்வு என்றுதான் கேட்கிறது. அப்படியென்றால் மீதி நேரம் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அக்கா அவன் கையில் தீபாவளிப் பணம் வைத்து, "அம்மாவிடம் பேசினாயா?" என்று கேட்டார். ஷிஃப்ட் முடிந்ததும் பேசுவேன் என்றான். எங்கள் நால்வருக்கும் அந்தப் பதில் எங்கே தைத்தது என்று உங்களுக்குப் புரியும். நாங்கள் சமைக்காமல் இருக்க யாரோ ஒருவர் பிள்ளை சமைத்துக்கொண்டிருந்தான். அதற்காகப் பயணமே போகக் கூடாது என்று சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டு அடுப்பும் அந்தச் சம்பளத்தில்தான் எரிகிறது. நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஊழியர்களுக்கான அன்பளிப்பைக் கணக்கில் சேர்ப்பார்கள். அதைக் கேட்டு நீக்கிவிடலாம் என்று சில பயணிகள் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அனுமதி கேட்பது போல் சொல்லாதீர்கள். போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் சொல்லுங்கள். இரட்டைப்படையில் ஆள் சேருங்கள். அறைக் கட்டணம் இருவருக்கு என்று வைத்திருப்பதால் தனியாகத் தங்குபவர் ஏறக்குறைய இரண்டு பேர் பணத்தைக் கட்ட நேரிடும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். கப்பல் மருத்துவமனைக் கட்டணம் நெஞ்சை அடைக்கும். ஐரோப்பாவில் ஏறி அமெரிக்காவில் இறங்குவதென்றால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, அமெரிக்க விசா இரண்டும் கையில் இருக்க வேண்டும். அமெரிக்க விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே வெகுகாலம் ஆகலாம். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பலைத் தேடுவதற்கு முன் விசா விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள்.