தாய்க்குள் ஒரு குதிரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் பின்னலாடைகளுக்கான பட்டன், ஜிப் வியாபாரம் செய்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை சீனாவின் ஈவூ சந்தைக்குப் போய்வருவேன். இத்தனை நாள் கால்குலேட்டரும் மொழிபெயர்ப்புச் செயலியும் வைத்து ஓட்டிவிட்டேன். 44 வயதில் சீனம் படிக்க ஆசை வந்திருக்கிறது. அந்த எழுத்துகளைப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. எழுத்தே வேண்டாம், ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பேச மட்டும் கற்றுக்கொள்கிறேன் என்றால் சரிவருமா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

ஆறு மாதத்துக்குச் சரிவரும். அப்புறம் முட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

நீங்கள் சொல்லும் முறைக்குப் பின்யின் என்று பெயர். 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்டது. உச்சரிப்பைக் காட்ட நல்ல கருவி. ஆனால் சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் தொனியை, அதாவது அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்குவதை, ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய 400 அசைகள். தொனியோடு எண்ணினாலும் 1,300 அளவில்தான் நிற்கும். ஒரே ஒலியில் எத்தனை சொற்கள் வந்து குவியும் என்று பாருங்கள். பிரித்துக் காட்டுவது எழுத்துதான். தவிர, உங்கள் ஈவூ வியாபாரி வீசாட் என்ற சீனச் செயலியில் அனுப்பும் செய்தி பின்யினில் வராது.

ஒரு சலுகை தருகிறேன். கையால் எழுதிப் பழக வேண்டாம். சீனர்களே இப்போது பெரும்பாலும் போனில் பின்யினைத் தட்டிவிட்டு, வரிசையாக வரும் எழுத்துகளில் சரியானதைத் தொடுகிறார்கள். பேனாவை எடுத்ததும் எழுத்து மறந்துபோவதைச் சொல்ல அவர்களிடம் ஒரு வழக்கே உண்டு. உங்களுக்குப் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். (என் ஆசிரியை இதைப் படித்தால் எனக்குத் திட்டு நிச்சயம்.)

ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிப் படமாக நினைப்பதால்தான் பயம் வருகிறது. பெரும்பாலானவை இரண்டு துண்டுகளின் கூட்டு. ஒரு துண்டு பொருளைக் கோடிகாட்டும், இன்னொன்று ஒலியைச் சொல்லும். 'மா' என்றால் குதிரை. அதற்கு இடப்பக்கம் பெண் என்ற துண்டைச் சேர்த்தால் அம்மா. பூச்சியைச் சேர்த்தால் எறும்பு என்ற சொல்லின் முதல் எழுத்து. தலைமேல் இரண்டு வாய்களை வைத்தால் திட்டுவது! 'குதிரை மாதிரி உழைப்பவள்தான் தாய்' என்று யூடியூபில் யாராவது உருகினால் கடந்து போய்விடுங்கள். அந்தக் குதிரையை அங்கே கட்டிவைத்திருப்பது சத்தத்துக்காக மட்டும்.

தொனியில்தான் உண்மையான கஷ்டம். படிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு பழக்காரம்மாவிடம் போய், ஆப்பிள் விற்க வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தாழ்ந்து நிற்கும் மூன்றாம் தொனியில் 'மை' என்றால் வாங்குவது, சட்டென்று கீழே விழும் நான்காம் தொனியில் 'மை' என்றால் விற்பது. அவர் சிரித்துக்கொண்டே தராசை என் பக்கம் தள்ளினார். இன்றைய சீன எழுத்தில், வாங்குவதன் தலையில் ஒரு கூட்டல் குறி வைத்தால் விற்பது. வியாபாரியான உங்களுக்கு இது மறக்காது.

தமிழ் உங்களுக்குச் சில இடங்களில் கைகொடுக்கும். பின்யினின் இரண்டாவது எழுத்தான b-ஐ 'பஸ்' என்பதுபோல் அதிர்த்திச் சொல்லாதீர்கள், 'பல்' என்பதில் வரும் ப்தான் சரி. மனிதன் என்பதற்கான 'ரென்' உண்மையில் நம் ழகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம், நாங்கள் என்ற வித்தியாசம் வட சீனப் பேச்சில் உண்டு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் தனித்தனிச் சொல். அப்பாவின் அண்ணன் வேறு, தம்பி வேறு, தாய்மாமன் வேறு. ஆங்கிலத்தின் ஒற்றை 'அங்கிள்' இங்கே செல்லாது. அம்மாவின் தங்கையையும் முன்பின் தெரியாத பெரிய பெண்மணியையும் 'ஆயி' என்கிறார்கள். உடனே குமரிக்கண்டத்துக்குக் கப்பல் விட்டுவிடாதீர்கள், தற்செயல்.

அடுத்த முறை ஈவூ போகும்போது, கடையில் வயதானவர் யாராவது இருந்தால், விலை கேட்பதற்கு முன் 'ச்சர் ல மா' என்று சொல்லிப் பாருங்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நாம் 'ஆ' சேர்த்துக் கேள்வியாக்குகிறோம், அவர்கள் 'மா' சேர்க்கிறார்கள். அந்த மாவை எழுதுவதும் ஒரு வாயும் ஒரு குதிரையும் போட்டுத்தான்.