சபை நர்ஸும் 30 மணி நேரக் கணக்கும்

கேள்வி: கலிஃபோர்னியாவில் பதிவு பெற்ற நர்ஸ் நான். எங்கள் தேவாலயத்தில் சபை நர்ஸாக, அதாவது சபையாருக்கு உடல்நல ஆலோசனை தரும் நர்ஸாக, இருக்கச் சொல்கிறார்கள். அதற்கான பயிற்சி, லைசென்ஸ் புதுப்பிக்கக் கணக்கில் வருமா?
– வாசகி, சான் ஹோசே

பதில்: வரும், நடத்துபவருக்கு அங்கீகாரம் இருந்தால். 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 30 மணி நேரத் தொடர்கல்வி தேவை. சான்றிதழில் மாநில நர்சிங் வாரியம் ஏற்கும் அங்கீகார எண் இருக்குமா என்று பணம் கட்டுமுன் கேட்டுப் பாருங்கள். சபையே ஏற்பாடு செய்யும் மருத்துவச் சொற்பொழிவு எவ்வளவு நல்லதானாலும், அந்த எண் இல்லாமல் செல்லாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சான்றிதழ்களை 4 ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள், தணிக்கையில் கேட்பார்கள்.

எதைப் படிப்பது? முதலில் சபை நர்சிங் அடிப்படைப் பயிற்சி. மருத்துவமனை அனுபவம் மட்டும் போதாது. இங்கே வேலை ஊசி போடுவதல்ல, ஆலோசனையும் பரிந்துரையும் துணையிருத்தலும்.

அடுத்து, ரத்த அழுத்தம் பார்ப்பதை மறுபடி பழகுங்கள். ஆராதனை முடிந்து காபியோடு வருபவருக்கு உடனே பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். காபி குடித்து 30 நிமிடம் கழியட்டும். பிறகு முதுகு சாய்த்து 5 நிமிடம் உட்காரவைத்து, 1 நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். கையில் சுற்றும் பட்டை சிறிதானாலும் அளவு கூடுதலாகத்தான் காட்டும். 180/120க்கு மேல் போய், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள்.