புகை, சத்தம், இழுவை: டீசல் வேன் கேள்வி பதில்

கேள்வி அனுப்பிய பலரும் "வண்டி சரியில்லை, எதை மாற்றலாம்?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எதை மாற்றுவது என்பது கடைசியில் வரவேண்டிய கேள்வி. புகை என்ன நிறம், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, லோடு ஏறினால் மட்டுமா என்று விவரமாக எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் செல்ஃப் ரொம்ப நேரம் சுற்றுகிறது. பிடித்ததும் வெண்புகை, நடுக்கம். பிறகு நாள் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. பேட்டரி புதுசு.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, புகையும் வருகிறது என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. முதல் சந்தேகம், குளிர்ந்த சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக். நான்கில் ஒன்றோ இரண்டோ போயிருந்தால் நீங்கள் சொன்ன மாதிரியேதான் நடக்கும். நல்ல சிலிண்டர்கள் பிடித்து இழுக்கும், மற்றது எரியாத டீசலைப் புகையாகத் துப்பும். அந்தப் புகை எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். கண் எரிந்தால் டீசல். இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட், அது வேறு கதை.

பிளக்கைக் கழற்றாமலே பார்க்கலாம். மேலே உள்ள வயரைப் பிரித்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கிலும் இன்னொன்றை இன்ஜின் பாடியிலும் தொடுங்கள். நல்ல பிளக் ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. நேராக பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து சிவக்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். இப்போதைய பிளக்குகள் பலவும் 12 வோல்ட்டுக்குக் குறைவாக வாங்குபவை, அப்படிச் செய்தால் கருகிவிடும். கழற்றுவதென்றால் இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றுங்கள், அவசரம் வேண்டாம். பிளக் உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டால் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

கேள்வி: நான்கு பிளக், ரிலே எல்லாம் மாற்றியாகிவிட்டது. இன்னும் காலையில் அதே இழுப்பு. ஆனால் எனக்குப் புகை வருவதில்லை. சரிவில் முன்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தினால் மட்டும் காலையில் டக்கென்று பிடிக்கிறது. இது என்ன மாயம்?

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. முன்பக்கம் இறங்கி நிற்கும்போது டாங்க் உயரத்தில் இருக்கிறது, லைனில் உள்ள டீசல் பின்னால் ஓடாது. சமதளத்தில் நின்றால் ராத்திரி முழுக்க மெல்ல இறங்கி, அந்த இடத்தில் காற்று புகுந்துவிடுகிறது. எங்கோ காற்று இழுக்கிறது. டீசல் வெளியே கசியாமலேயே இது நடக்கும், அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாய்க்குப் பதிலாக, தற்காலிகமாக ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் போட்டுப் பாருங்கள். காலையில் செல்ஃப் அடிக்கும்போது அதில் குமிழி வரிசையாக ஓடினால் பில்டருக்குப் பின்னோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் போங்கள். நான் முதலில் பார்ப்பது பில்டர் மூடியின் ஓ-ரிங். பில்டர் மாற்றும்போது பழைய ரிங்கையே போட்டு மூடுவது சகஜம். அடுத்து கையால் அழுத்தி டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமர், அதற்கும் அடுத்து கிளாம்ப் அடியில் வெடித்த குழாய்.

குமிழியே இல்லை என்றால் காமன் ரெயில் வண்டிகளில் (அதிக அழுத்த டீசல் ஒரே பொதுக் குழாயில் நின்று எல்லா சிலிண்டருக்கும் போகும் வகை) இன்ஜெக்டர், அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம், பக்கம் போக வேண்டும். செல்ஃப் சுற்றும்போது ரெயிலில் சுமார் 200 பார் அழுத்தமாவது ஏறாமல் பெரும்பாலான இன்ஜின்கள் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. ஸ்கேனரில் அந்த எண்ணைப் பாருங்கள். ஏறவில்லை என்றால் ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒரு சின்ன பாட்டிலில் விட்டு, எதில் டீசல் வேகமாக நிறைகிறது என்று பாருங்கள். அதிகம் திருப்பி விடுவதுதான் திருடன்.

இதில் ஓர் எச்சரிக்கை. பழைய டீசலில் ஏர் எடுக்க நாசில் நட்டைத் தளர்த்துவார்கள். காமன் ரெயிலில் இன்ஜின் ஓடும்போது ஹை-பிரஷர் குழாயில் ஸ்பேனரே வைக்காதீர்கள். 1,600 பாருக்கும் மேல் போகும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சின்ன ஊசிக் குத்து மாதிரி இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

கேள்வி: சார், ஏற்றத்தில் இழுவை இல்லை, கரும்புகை தள்ளுகிறது. ஸ்கேனரில் "பூஸ்ட் அழுத்தம் குறைவு" என்று வந்தது. டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடவா?

வேண்டாம், பொறுங்கள். பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், குறைகிறது என்றுதான் ஸ்கேனர் சொல்லியிருக்கிறது, டர்போ போய்விட்டது என்று சொல்லவில்லை. கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. காற்று குறைய ஏர் பில்டரிலிருந்து மேனிஃபோல்டு வரை எத்தனையோ காரணம் உண்டு, டர்போ அதில் ஒன்று.

டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கையால் தடவிப் பாருங்கள், முக்கியமாக அடிப்பக்கம். வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கறுத்திருக்கும். ஐடிலில் வெடிப்பு மூடியே இருக்கும், பூஸ்ட் ஏறும்போதுதான் வாய் திறக்கும். அதனால் ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் பக்கத்தில் நின்று "புஸ்" சத்தத்தைக் கேட்பது நல்லது. பெல்ட், ஃபேன் பக்கம் கையும் துணியும் போகக் கூடாது. அடுத்து டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்யூம் குழாய். விரல் தடிமன்கூட இருக்காது, அது விட்டுப்போனால் இழுவை அப்படியே காணாமல் போகும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், இன்ஜின் ஆறியபின் டர்போ வாயில் உள்ள குழாயைக் கழற்றி, ஷாஃப்டைப் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். பிளேடு கூட்டில் உரசினாலோ, முன்னும் பின்னும் நகர்ந்தாலோ டர்போவைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ஆயில் வரும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் புதிய டர்போ போடாதீர்கள், அதுவும் சீக்கிரமே போய்விடும்.

கேள்வி: புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வை அடைத்துவிட்டால் கரி சேராது என்கிறார்களே?

கரி சேராதுதான். புகை விதி மீறலும் செக் இன்ஜின் லைட்டும் கூடவே வரும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், இன்டேக் மேனிஃபோல்டையும் சேர்த்து.

கேள்வி: எங்கள் வேனில் ஆயில் குறையவில்லை, கூடுகிறது! டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டிவிட்டது. தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவது மட்டும்தான் ஓட்டம்.

சந்தோஷப்பட வேண்டாம், கூடியது டீசல். உங்கள் வண்டியில் டிபிஎஃப், அதாவது புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் பில்டர், இருக்கிறது. அதில் சேரும் கரியை எரிக்க, இன்ஜின் தானாகவே கூடுதல் டீசலைத் தாமதமாகச் செலுத்தி, புகைபோக்கிப் பக்கம் 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றும். அதற்குத் தொடர்ந்து ஓட வேண்டும். பள்ளி வாசலில் பாதியில் அணைத்துவிடுகிறீர்கள், மறுநாள் மறுபடி தொடங்குகிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கிறது.

முதலில் ஆயிலை மாற்றுங்கள், டிபிஎஃப் வண்டிக்கான, சாம்பல் குறைவாக விடும் லோ-ஆஷ் ஆயிலாகப் பார்த்து. பிறகு வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நிற்காமல் அரைமணி நேரம் ஓட்டுங்கள். அப்படி ஓட்டியும் கூடினால் இந்தக் கரி எரிப்பு (ரீஜெனரேஷன்) ஏன் முடிவதில்லை என்று பார்க்க வேண்டும். பிரஷர் சென்சார் குழாய், வெப்ப சென்சார், இன்ஜெக்டர் கசிவு என்று வரிசையாகப் போகலாம்.

அதுவரை ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. மெலிந்த ஆயில் பேரிங்கைத் தின்னும் என்பது ஒரு காரணம். அளவு மிஞ்சினால் ஆயில், இன்ஜினின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியாக இன்டேக்கில் ஏறி, அதையே எரித்து இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும் என்பது இன்னொன்று. சாவியை எடுத்தாலும் நிற்காது. மேனுவல் வண்டியென்றால் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க அழுத்தி, கிளட்சைச் சட்டென விட்டு மூச்சடைக்க வைக்க வேண்டும். முடியாவிட்டால் எல்லாரையும் இறக்கி விலகி நில்லுங்கள். காற்று வாயைக் கையால் மூடப் போகாதீர்கள்.

கேள்வி: தெரியாமல் பெட்ரோல் ஊற்றிவிட்டார்கள். கொஞ்சம்தான். டீசலை நிரப்பிக் கலந்து ஓட்டலாமா?

சாவியைக்கூடத் திருப்பாதீர்கள், டாங்க் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் எண்ணெய், பெட்ரோல் அந்த வழவழப்பைக் கழுவிவிடும். தள்ளி ஓரமாக நிறுத்தி, டாங்கைக் காலி செய்யுங்கள்.

கேள்வி: வண்டிக்குள் டீசல் புகை வாடை. முன் சீட்டுக்கு அடியில் "சுக் சுக்" என்று சத்தம், ஆக்சிலரேட்டர் மிதித்தால் வேகமாகிறது. கசிவு எதுவும் தெரியவில்லை.

இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் விட்டிருக்கிறது. கவரைத் தூக்கிப் பாருங்கள். ஒரு இன்ஜெக்டரைச் சுற்றி மட்டும் தார் ஊற்றிய மாதிரி கறுப்பாக இறுகியிருக்கும். சிலிண்டர் அழுத்தம் அந்த இடுக்கு வழியாகத்தான் மூச்சு விடுகிறது. சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்கும் வேன்களில் வாடை நேராக உள்ளே வரும். அந்தப் புகையில் குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டாதீர்கள்.

வாஷரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் திரும்ப வரும். உள்ளே அது உட்காரும் தளத்தைக் கட்டர் போட்டுச் சீராக்கி, தூசியை உறிஞ்சி எடுத்து, புது வாஷரும் புது போல்ட்டும் போட்டு, கம்பெனி சொன்ன இறுக்க அளவில் (டார்க்) இறுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் அந்தத் தார் கல்லாகி இன்ஜெக்டர் வெளியே வரவே மறுக்கும்.

கேள்வி: ஏழு பேர், ஏசி, ஏற்றம் மூன்றும் சேர்ந்தால் மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. ஹெட் கேஸ்கட் என்கிறார் மெக்கானிக்.

இருக்கலாம், ஆனால் அது என் பட்டியலில் கடைசி. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சியும் மண்ணும் மெத்தை போல அடைந்திருக்கும், வெளியிலிருந்து கழுவினால் அது போகாது. பிறகு ஃபேன் கிளட்ச், ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட். கேஸ்கட்தான் என்று சொல்ல வேறு அடையாளம் வேண்டும். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வந்தாலோ நம்புங்கள். சூட்டில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள்.

கேள்வி: 60-ஐத் தாண்டினால் "ஹம்ம்ம்" என்று ஒரு சத்தம். டயரா, பேரிங்கா?

காலியான சாலையில் மெல்ல இடது, வலது என்று ஸ்டியரிங்கை ஒடித்துப் பாருங்கள். வலது பக்கம் ஒடிக்கும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது சக்கர பேரிங், ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. எந்தப் பக்கம் ஒடித்தாலும் மாறாமல், சாலையின் தன்மைக்கு ஏற்ப மட்டும் மாறினால் டயர்.

கேள்வி: பழைய வேன் வாங்கியிருக்கிறேன். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லை. பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பார்த்துச் சொல்ல முடியாது. பல் வேரில் விரிசல் விட்டாலும் முதுகு பளபளவென்றே இருக்கும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் இன்ஜின்கள்தான் டீசலில் பெரும்பாலும். சீட்டு இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், அதே பெல்ட்டில் ஓடினால் வாட்டர் பம்ப், எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானட்டுக்குள் ஒட்டிவையுங்கள்.