அலுவலக நேரமும் முகநூலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இருபது பேர் பணியாற்றும் சிறு நிறுவனத்தை நடத்தி வருகிறேன். பணி நேரத்தில் பலரும் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் மூழ்கிக் கிடக்கிறார்கள். அலுவலக இணைய இணைப்பில் இந்தத் தளங்களை அடியோடு முடக்கிவிடலாமா?

பதில்: முடக்கலாம், அது பெரிய வேலையும் அல்ல. ஆனால், அலுவலக இணைப்பில் மூடிய தளம், ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ள கைபேசியில் அவரவர் சொந்த டேட்டாவில் திறந்தே இருக்கும். இதுவரை கணினித் திரையில் உங்கள் கண்ணில் பட்டது, இனி மேசைக்கு அடியில் நடக்கும். நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் இப்படி முடக்கிய முதல் வாரமே, நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் வாடிக்கையாளர் ஒருவர் எழுதிய புகாருக்குப் பதில் சொல்ல வழியின்றி, விளம்பரப் பிரிவினர் மாடிப்படியில் நின்று சொந்தக் கைபேசியில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊழியர்களைக் கடிந்துகொள்வதற்கு முன், அவர்கள் கையில் கைபேசியைக் கொடுப்பது யார் என்றும் பாருங்கள். விடுப்புக் கேட்பது, பணிமுறை அட்டவணை, மேலாளர் அனுப்பும் காலை வணக்கப் படம் என அனைத்தும் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும்போது, அலுவலகச் செய்தியைப் பார்க்கக் கைபேசியை எடுத்தவர் அங்கேயே கால் மணி நேரம் தங்கிவிடுவதில் வியப்பில்லை. அலுவலகச் செய்திகளை மின்னஞ்சலுக்கோ பணிக்கென உள்ள செயலிக்கோ மாற்றிப் பாருங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீரும் என்பது என் அனுபவம்.

நிமிடங்களை எண்ணாதீர்கள், முடிந்த வேலையைப் பாருங்கள். ஒருவருடைய வேலை தேங்கினால், அவரைத் தனியே அழைத்துத் தேங்கிய வேலையைப் பற்றிப் பேசுவதே முறை. அந்தப் பேச்சுக்குத் தயங்கி இருபது பேருக்கும் தடை விதிக்கும் முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தை இயக்குபவர்களும் வாகனம் ஓட்டுபவர்களும் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே உயிர் சம்பந்தப்பட்டிருப்பதால், பணியில் இருக்கும்போது கைபேசி கையில் இருக்கவே கூடாது.

கேள்வி: ஊழியர்களின் கணினியைக் கண்காணிக்கும் மென்பொருளை, அவர்களுக்குத் தெரியாமல் நிறுவலாமா?

பதில்: கூடாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், ஒரு வழக்கைச் சொன்னால் காரணம் விளங்கும். ருமேனியாவில் 2007இல், வாடிக்கையாளர்களுடன் பேசுவதற்காக நிறுவனம் தொடங்கச் சொன்ன யாகூ மெசஞ்சர் கணக்கில், தம் சகோதரருடனும் மணமுடிக்கவிருந்த பெண்ணுடனும் பேசியதற்காக ஊழியர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். சொந்தப் பயன்பாடு கூடாது என்ற விதி அங்கே இருந்தது. அது அவருக்குத் தெரியும். அப்படியிருந்தும், அவருடைய தனியுரிமையை ருமேனியா உரியவாறு பாதுகாக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வு 2017 செப்டம்பரில் 11க்கு 6 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. எழுதிய சொற்களையே நிறுவனம் படிக்கக்கூடும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதா, அதைவிடக் குறைந்த தலையீட்டில் காரியம் முடிந்திருக்குமா என்ற கேள்விகளை உள்நாட்டு நீதிமன்றங்கள் சரிவர ஆராயவில்லை என்பது முக்கியமான குறை.

ஆகவே, எதைப் பார்ப்பீர்கள், எதற்காகப் பார்ப்பீர்கள், யார் பார்ப்பார் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். எந்தத் தளத்தில் எவ்வளவு நேரம் என்ற கணக்கு வேறு, யாருக்கு என்ன எழுதினார் என்று படிப்பது வேறு. ஊழியரின் சொந்தக் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்பதோ முற்றிலும் தவறு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2012இலேயே அதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது.

கேள்வி: ஓர் ஊழியர் தம் சொந்தப் பக்கத்தில் நிறுவனத்தைக் குறை கூறி எழுதியுள்ளார். நடவடிக்கை எடுக்கலாமா?

பதில்: என்ன எழுதினார் என்பதைப் பொறுத்தது. சம்பளத்தையும் பணிச்சூழலையும் பற்றி ஊழியர்கள் கூடிப் பேசுவதற்குப் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் தொழிற்சங்கம் இல்லாத இடங்களுக்கும் அந்த உரிமையைத் தருகிறது. 'நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்' என்று பொத்தாம்பொதுவாக விதி எழுதினால், எது களங்கம் என்று யாருக்கும் விளங்காது.

உண்மையான இழப்பு பெரும்பாலும் கோபத்தில் எழுதிய வரிகளால் வருவதில்லை. பிறந்தநாள் கேக்கை வெட்டும் படத்தை ஒருவர் மகிழ்ச்சியோடு பதிவிடுவார். பின்னால் உள்ள திரையில் வாடிக்கையாளர் பட்டியலும், அதன் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் தாளில் கடவுச்சொல்லும் தெளிவாகத் தெரியும். விதியில் இப்படிப்பட்ட எடுத்துக்காட்டுகளைச் சேருங்கள்.

கேள்வி: என் மேலாளர் முகநூலில் நட்பு அழைப்பு அனுப்பியிருக்கிறார். ஏற்காவிட்டால் தவறாக நினைப்பாரோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அலுவலகத்தாருடன் லிங்க்டுஇனில் மட்டுமே தொடர்பு வைத்திருப்பதாகச் சொல்லி, அங்கே நீங்களே ஓர் அழைப்பை அவருக்கு அனுப்பிவிடுங்கள். இதைப் படிக்கும் மேலாளர்களுக்கு ஒன்று: உங்களுக்குக் கீழே பணியாற்றுபவருக்கு நட்பு அழைப்பை நீங்கள் முதலில் அனுப்பாதீர்கள்.