முதல் நாள் சொன்ன கணக்கு

கேள்வி: கனடாவின் ஆல்பெர்ட்டாவில் அவ்வளவு எண்ணெய் எடுத்தும் ஏரியும் காடும் பளிச்சென்று இருப்பதை வீடியோக்களில் பார்க்கிறேன். எண்ணூர் மட்டும் ஏன் இப்படி? அவர்களுக்கு உள்ள அக்கறை நமக்கு இல்லையா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: அந்த வீடியோக்களுக்குக் காசு கொடுத்தது யார் என்று முதலில் பாருங்கள். ஆல்பெர்ட்டா அரசு 2008-இல் தன் பெயரைத் தூக்கி நிறுத்த 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த விளம்பரத்தில் குழந்தைகள் கடற்கரையில் ஓடும் படம் ஒன்று வந்தது. ஆல்பெர்ட்டாவுக்குக் கடலே கிடையாது. அது இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து கடற்கரை!

அதே 2008 ஏப்ரலில் ஆல்பெர்ட்டாவில் எண்ணெய் எடுக்கும் சின்குரூட் நிறுவனத்தின் கழிவுக் குளத்தில் இறங்கிய காட்டு வாத்துகள் எண்ணெய்ப் பிசுக்கில் சிக்கிச் செத்தன. முதலில் சொன்ன கணக்கு 500. மறு ஆண்டு வெளிவந்த கணக்கு 1,606. 2010-இல் 30 லட்சம் டாலர் தண்டம் விழுந்தது. ஆனால் முதல் நாள் கேட்ட 500-தான் பலர் மனதில் தங்கியிருக்கும்.

நம் கரையிலும் இதைப் பார்த்தோம். 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. சில நாளில் எர்ணாவூர் கரையில் ஆட்கள் வரிசையாக நின்று வாளியில் எண்ணெய்க் கசடு அள்ளினார்கள். அந்த வாளிப் படங்கள் வந்திராவிட்டால் அறிக்கையே உண்மையாக நின்றிருக்கும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு எண்ணூர் குப்பங்களுக்குப் போனேன். ஒரு வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. தொட்டேன், விரலில் ஒட்டியது, சோப்புக்குப் போகவில்லை. கரையில் ஒரு கூழைக்கடா, மார்பெல்லாம் கறுத்து, இறக்கையை விரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. மீன் வாங்க வந்தவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

எனக்குப் பொறுக்காதது இதுதான். எண்ணெய் வந்தது மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து, மழைநீரோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. நாம் போட்ட தலைப்போ 'எண்ணூர் எண்ணெய்க் கசிவு'. ஆலையின் பெயர் தலைப்பில் இல்லை. ஊர் பெயர் கெட்டது, மீனின் பெயர் கெட்டது, மீன்காரம்மாவின் கூடை நிறைந்தபடியே வீடு திரும்பியது. இந்தத் தவறை எங்கள் பத்திரிகையும் செய்தது. இனி செய்யாது.

அக்கறை இல்லையா என்று கேட்டீர்கள். படகில் போய் மக்கால் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்களே மீனவர்கள், அது அக்கறை இல்லாமல் வேறென்ன?

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஆற்றில் கறுப்பு மிதந்தால் அன்றைக்கே, இடமும் தேதியும் தெரிகிறபடி படம் எடுத்து அனுப்புங்கள். அறிக்கை வருகிற அதே நாளில், அதே பக்கத்தில், அதற்குப் பக்கத்திலேயே போடுகிறோம்.