வெட்டினால் வளரும் ஈரல், நோயுற்றால் ஏன் வளர்வதில்லை?

தலவாக்கலைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து 27 வயதான ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். மதுவைத் தொட்டறியாத அவருடைய தந்தைக்கு நெடுங்காலமாக நீரிழிவு இருந்துவந்தது. இப்போது ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் சேர்ந்து, கிளினிக்கில் ‘சிரோசிஸ்’ என்று கூறியிருக்கிறார்கள். “கவ்வாத்து வெட்டிய தேயிலை துளிர்ப்பதைப் போல ஈரலும் மீண்டும் வளரும் என்கிறார்கள். அப்படியானால் அப்பாவின் ஈரல் ஏன் வளரவில்லை? என்னுடைய ஈரலில் பாதியை அவருக்குக் கொடுத்தால் எனக்கு அது முழுதாக வளர்ந்துவிடுமா?” என்று கேட்கிறார்.

மருத்துவர் பதில்:

உங்கள் தந்தையின் ஈரலும் வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் அது வளரக்கூடாத விதத்தில் வளர்ந்திருக்கிறது. சிரோசிஸ் நோயாளர்களின் ஸ்கேன் அறிக்கையில், ஈரலின் மேற்பரப்பு முடிச்சு முடிச்சாக இருப்பதாக எழுதியிருப்பார்கள். அந்த முடிச்சுகள் ஒவ்வொன்றும், அழிந்துபோன கலங்களுக்கு ஈடாகப் புதிதாகப் பெருகிய ஈரற்கலங்களின் திரள். அவற்றைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருப்பது கொலாஜன் நார்களாலான வடு இழையம். சத்திரசிகிச்சையின்போது நோயற்ற ஈரலைப் பார்த்தால் அது செம்பழுப்பு நிறத்தில், வழுவழுப்பாக, விரலால் அழுத்தினால் இசைந்துகொடுப்பதாக இருக்கும். சிரோசிஸ் வந்த ஈரலோ மேடுபள்ளமாகி, கையில் கடினமாகத் தட்டுப்படும்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, வெட்டப்பட்ட ஈரலில் என்ன நடக்கிறது என்பதை அறிய வேண்டும். எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றினாலும், ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் ஈரல் ஏறத்தாழப் பழைய எடைக்குத் திரும்பிவிடும் என்பதை 1931இல் ஹிகின்ஸ், ஆண்டர்சன் ஆகிய இருவரும் காட்டினார்கள். குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் ஈரல் வாயினாளத்தின் வழியாக ஈரலுக்குள் செல்கிறது. ஈரலின் பெரும்பகுதி அகற்றப்பட்டதும் அதே அளவு இரத்தம் எஞ்சிய சிறு பகுதிக்குள் பாய்கிறது. அந்த அழுத்தமும், ஈரலில் வாழும் நோயெதிர்ப்புக் கலங்கள் வெளிவிடும் சமிக்ஞைகளும், வளர்ச்சிக் காரணிகளும் ஒன்றுசேர்ந்து, அதுவரை அமைதியாயிருந்த ஈரற்கலங்களை இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகத் தூண்டுகின்றன. உடலின் தேவைக்குப் போதுமான பருமனை எட்டியதும் வளர்ச்சி தானாகவே நின்றுவிடுகிறது. சிறிய நாயின் ஈரலைப் பெரிய நாய்க்குப் பொருத்தியபோது, அது பெரிய நாய்க்குரிய அளவுக்கு வளர்ந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தேயிலை உவமை இந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது. கவ்வாத்து வெட்டிய செடி, வெட்டுப்பட்ட கிளையிலிருந்து துளிர்விடும். ஈரலில் வெட்டி எடுத்த மடல் மீண்டும் முளைப்பதில்லை; எஞ்சிய மடல்தான் பருத்து, இழந்ததன் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது.

இந்த ஆற்றல் வயதானவர்களிடமும் அழிவதில்லை. அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் பரவி, உடற்கலங்களிலும் சேர்ந்த கதிரியக்கக் கார்பனை அளவிட்டு, ஈரற்கலங்களில் பெரும்பாலானவற்றின் சராசரி வயது, இளையோரிலும் முதியோரிலும் ஒரே விதமாக, மூன்று ஆண்டுகளுக்கும் குறைவே என்று ஜேர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டார்கள். ஆகவே உங்கள் தந்தையின் வயதின் மீது பழி போட இடமில்லை.

நோயுற்ற ஈரலில் காயம் ஒருமுறை ஏற்பட்டு நின்றுவிடுவதில்லை. கொழுப்பும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் ஆண்டுக்கணக்கில் கலங்களைச் சிதைத்துக்கொண்டேயிருக்க, மீண்டும் மீண்டும் பிரிந்த கலங்களில் பல இனிப் பிரிய இயலாத நிலையை அடைகின்றன. அதேவேளை, வழக்கமாக விற்றமின் ஏயைச் சேமித்துவைக்கும் நட்சத்திர வடிவக் கலங்கள் இயல்பு மாறி நார்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. நார்கள் பெருகப் பெருக இரத்தம் ஈரலுக்குள் நுழைய முடியாமல் தேங்குகிறது. வயிற்றில் நீர் சேர்வதற்கு அதுவே முக்கிய காரணம். மனித சிரோசிஸ் ஈரலின் கலங்களைத் தனித்தனியாக ஆராய்ந்த எடின்பரோ ஆய்வுக்குழு, வடு உள்ள இடங்களில் மட்டும் குடிகொள்ளும் தனிவகை நோயெதிர்ப்புக் கலங்களை 2019இல் அடையாளம் கண்டது. வடுவைக் கரைக்கும் மருந்துக்கான தேடல் இத்தகைய கலங்களையும் குறிவைத்து நடக்கிறது. ஈரற்கலங்களை நிணநீர்க்கணுவுக்குள் செலுத்தி அங்கே ஒரு சிறு துணை ஈரலை வளர்க்கும் முயற்சியும் 2024இல் முதன்முறையாக ஒரு மனிதரில் தொடங்கப்பட்டது. இவை நம்பிக்கை தருகின்றன. ஆனால் உங்கள் தந்தைக்கு இன்று கொடுக்கக்கூடிய சிகிச்சைகளாக இன்னும் ஆகவில்லை.

நீங்கள் ஈரல் கொடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். வளர்ந்தவர் ஒருவருக்காகப் பெரும்பாலும் வலது மடல், அதாவது மொத்த ஈரலில் ஏறத்தாழ 60 சதவீதம், எடுக்கப்படுகிறது. எஞ்சியது மூன்று மாதங்களுக்குள் பழைய பருமனில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டும். முழு 100 சதவீதத்தை எட்டாவிட்டாலும் அன்றாட வாழ்வுக்கு அது போதுமானது. எனினும் இது பெரிய சத்திரசிகிச்சை என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்றில் ஒருவர் அளவில் பித்தக்கசிவு, தொற்று, வெட்டுக்காய இடத்தில் குடலிறக்கம் போன்ற ஏதேனும் சிக்கலைச் சந்திக்கிறார்கள். மிக அரிதாக, ஆயிரம் பேரில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை உயிரிழக்கவும் நேர்கிறது. முதல் மூன்று மாதங்களுக்கு விறகுக்கட்டு, தண்ணீர்க்குடம் போன்ற சுமைகளைத் தூக்கக்கூடாது. வீட்டில் அந்த வேலைகளை யார் செய்வார்கள் என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பெற்றோருக்குக் கொடுப்பது பிள்ளையின் கடமை என்று எவர் வற்புறுத்தினாலும், முடிவு உங்களுடையதாகவே இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அதற்கு முன், உங்கள் ஈரலையும் பரிசோதிக்க வேண்டும். நீரிழிவும் ஈரற்கொழுப்பும் குடும்பங்களில் தொடர்வதுண்டு. கொழுப்பு மிகுந்த ஈரல் வெட்டியபின் சரியாக வளராது என்பதால் அத்தகையோரைக் கொடையாளராக ஏற்பதில்லை. உடல் எடையைக் குறைத்து, சில மாதங்களில் கொடைக்குத் தகுதி பெற்றவர்களும் உண்டு.

இதற்கிடையில் தந்தையின் உணவில் உப்பைக் குறையுங்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் அறவே நிறுத்துங்கள். பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றைக் குறைக்க வேண்டாம். பட்டினி கிடப்பது அவருடைய தசைகளைக் கரைத்துவிடும். மூட்டுவலிக்கென்று டைக்குளோபினாக், ஐபுப்ரோபன் மாத்திரைகளைக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். பெனடோல் (பரசிற்றமோல்) தேவைப்பட்டால் ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைகளுக்கு, அதாவது 2 கிராமுக்கு, மேற்படக்கூடாது. ஈரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் கஷாயங்கள் எதுவும் வேண்டாம். கறுப்பாக மலம் கழிதல், இரத்த வாந்தி, பகலில் அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சில் தடுமாற்றம், காய்ச்சலுடன் வயிற்றுவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்த கிளினிக்கில், ஈரல் மாற்று சிகிச்சைக்கான மதிப்பீட்டுக்குத் தந்தையை அனுப்பிவைக்குமாறு கேளுங்கள். ராகமவிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் இதற்கான ஈரல் நோய்ப் பிரிவு இயங்குகிறது. பழைய ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள் அனைத்தையும் ஒரே கோப்பில் இட்டு எடுத்துச் செல்லுங்கள்.